நின்றுபோன இயங்குதளத்து நிரல்களை மீண்டும் ஓட்டுவது எப்படி: குமரி மாவட்டக் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் ஒரு வழிகாட்டி

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, 1996 முதல் ஒரே கணினியில், கட்டளைகளைத் தட்டி இயக்கும் பழைய டாஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரே நிரலில், விவசாயிகளின் கணக்கை எழுதிவந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது, எஃப்2 விசையை அழுத்தினால் புது பில், எஃப்10 விசையை அழுத்தினால் அன்றைய இருப்பு. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அந்தக் கணினி எழும்பவில்லை. என்னைத் தொலைபேசியில் அழைத்தவர், "மக்கா, இது போச்சுன்னா எனக்க கணக்கு முழுசும் போச்சு, கேட்டியா" என்றார். அதை எழுதிக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அவர் தட்டி எழுதிய வடிவமான மூலநிரலும் எங்கள் கையில் இல்லை.

அந்தக் கணக்கு இன்று ஒரு புதிய மடிக்கணினிக்குள், மூலநிரலை எவரும் பார்க்கும்படி திறமூலமாக மீண்டும் எழுதப்பட்ட ஓர் இயங்குதளத்தின் மேல், எழுத்துக்கூட மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்சந்தை, நாகர்கோவில் பக்கங்களில் இதே நிலையில் இருக்கும் கடைகளும் சிறு அச்சகங்களும் இருப்பதை நான் அறிவேன். கணினியில் பெரிய பழக்கம் இல்லாத ஒருவரும் பொறுமையாகச் செய்தால் முடிக்கக்கூடிய வேலை இது என்பதால், நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மீண்டும் எழுதப்பட்ட இயங்குதளம் என்றால் என்ன

ஒரு நிரல் தனியாக எதையும் செய்வதில்லை. கோப்பைத் திறக்கவும், திரையில் எழுதவும், நேரம் கேட்கவும் அது இயங்குதளத்தையே நாடுகிறது. டாஸில் இந்த வேண்டுகோள்களில் பெரும்பாலானவை ஒரே வாசல் வழியாகச் செல்கின்றன. பதினாறு அடிமான எண்ணில் 21 என்று குறிக்கப்படும் இன்டரப்ட் என்ற அழைப்பு அது. எந்த வேலை வேண்டும் என்பதற்கு ஓர் எண்ணைச் செயலிக்குள் உள்ள பதிவகம் என்ற சிறு இடத்தில் வைத்துவிட்டு நிரல் அந்த வாசலைத் தட்டும். 3டி என்ற எண் வைத்தால் கோப்பைத் திறக்கவேண்டும், 4சி என்ற எண் வைத்தால் நிரலை முடித்துக்கொள்ளவேண்டும் என்று பொருள். வாசலுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்பது நிரலுக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. அதே எண்ணுக்கு அதே விடை வந்தால் போதும். மூல நிறுவனத்தின் மூலநிரலைத் தொடாமல், வெளியே தெரியும் இந்த நடத்தையை மட்டும் வைத்து அதே விடைகளைத் தரும் புதிய இயங்குதளத்தை எழுத முடிவது இதனால்தான்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனித்த டாஸை இனி வளர்க்கப்போவதில்லை என்று 1994 இல் தெரியவந்தபோது, அமெரிக்காவின் விஸ்கான்சினில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹால், அந்த ஆண்டு ஜூன் 29 அன்று, எல்லோருக்கும் உரிய ஒரு டாஸை எழுதுவோம் என்று அறிவித்தார். பாட் வில்லானி எழுதிய கெர்னல் என்ற மையப்பகுதி அதன் அடித்தளமாயிற்று. ஃப்ரீடாஸ் என்று பெயர் பெற்ற அது 2006 செப்டம்பரில் 1.0 என்ற நிலையை எட்டியது, 1.4 பதிப்பு 2025 ஏப்ரலில் வெளியானது. கைவிடப்பட்ட ஒன்றை முப்பது ஆண்டுகளாகப் பிறர் பேணுகிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே நன்றியுணர்வு உண்டாகிறது.

இதற்கு நேர்மாறான கதை புதிய விண்டோஸில் நடந்தது. 32 பிட் விண்டோஸ், செயலியில் உள்ள மெய்நிகர் 8086 என்ற நிலையைக் கொண்டு டாஸ் நிரல்களைத் தன்னுள்ளேயே ஓட்டிவந்தது. செயலி 64 பிட் நிலையில் ஓடும்போது அந்த வசதி கிடைப்பதில்லை. 64 பிட் விண்டோஸிலிருந்து அந்தப் பகுதியும் நீக்கப்பட்டது. விண்டோஸ் 11 க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே பழைய கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்துவந்து புதுக் கணினியில் இருமுறை சொடுக்கினால், இந்தச் செயலி உங்கள் கணினியில் ஓடாது என்ற அறிவிப்பு வருவது நிரலின் குற்றம் அன்று. அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு நிரல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

முதல் வேலை: பிரதி எடுப்பது

எந்தப் புதிய மென்பொருளையும் நிறுவுவதற்கு முன், பழைய ஹார்டுடிஸ்க்கின் முழுப் பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும். இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்களுக்கு இந்த வழிகாட்டியின் மற்றப் பகுதிகள் பயன்படா. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பழைய கணினியின் இணைப்பு முனைகளில் பச்சைப் பூஞ்சைபோலக் களிம்பு ஏறியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அத்தகைய கணினியை மின்சாரம் கொடுத்துத் திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்ப்பது ஆபத்தானது.

சித்தப்பாவின் கணினியில் பழுது மிகச் சிறியது. மதர்போர்டில் இருந்த காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனதால், ஹார்டுடிஸ்க் பற்றிய விவரத்தைக் கணினி மறந்துவிட்டது; தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டது. சிஆர் 2032 என்ற அந்த பேட்டரி சாதாரணக் கடைகளில் கிடைக்கும். பேட்டரியை மாற்றி, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலின் திரையில் தேதியைச் சரிசெய்தால் போதும் என்று தோன்றினாலும், நான் அதை ஓட்டவில்லை. ஹார்டுடிஸ்க்கைக் கழற்றி எடுத்து, ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் கருவி ஒன்றின் வழியாக லினக்ஸ் கணினியில் இணைத்தேன். மேசைக் கணினியின் பழைய ஹார்டுடிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரம் மட்டும் போதாது என்பதால், தனி மின் இணைப்போடு வரும் கருவியையே வாங்கவேண்டும். பின்பக்கம் உள்ள ஜம்பர் என்ற சிறு செருகியை மாஸ்டர் நிலையில் வைக்கவும் மறக்கக்கூடாது.

பிரதி எடுக்க நான் நம்புவது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற நிரலை. அது முதலில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கெங்கே படித்தாயிற்று என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். 1996 ஆம் ஆண்டு ஹார்டுடிஸ்க் ஒன்றில் இருந்த எல்லாமே இன்றைய மிகச் சிறிய பென் டிரைவிலும் இடம் போக அடங்கிவிடும். ஆகவே இதுவேண்டும், அதுவேண்டாம் என்று தேர்ந்தெடுக்காமல் முழு வட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிம்பத்தை மூன்று இடங்களில் வையுங்கள். குறைந்தது ஒன்று கடைக்கு வெளியே, வேறொரு வீட்டில் இருக்கட்டும். இனி எந்தச் சோதனையையும் பிரதியின் பிரதியில் மட்டும் செய்யவேண்டும்.

நிரலின் இனத்தை அறிவது

பிம்பத்தைத் திறந்து கோப்புறைக்குள் பாருங்கள். டிபிஎஃப் என்று முடியும் கோப்புகள் இருந்தால் கணக்கு அட்டவணைகள் அவையே. அவற்றுடன் என்டிஎக்ஸ் என்று முடியும் கோப்புகள் இருந்தால் நிரல் பெரும்பாலும் கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. சிடிஎக்ஸ் அல்லது ஐடிஎக்ஸ் என்று முடிந்தால் அதைப் போன்ற ஃபாக்ஸ்புரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். டிபிஎஃப் கோப்பின் ஒரு பிரதியை லிபர்ஆஃபிஸ் கால்க் என்ற கணக்குத்தாள் நிரல் நேரடியாகத் திறந்துவிடும். விவசாயிகளின் பெயரும் எடையும் வரிசையாகத் திரையில் வந்த அந்த நொடியில்தான் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

தரவு கிடைத்துவிட்டதே, நிரல் எதற்கு என்று அப்போதே கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. அட்டவணையை வைத்து நானே ஒரு கணக்குத்தாள் தயாரித்து, 1998 ஆம் ஆண்டு பில் ஒன்றோடு ஒப்பிட்டேன். 37.450 கிலோ ஷீட், கிலோவுக்கு 29.50 ரூபாய். பெருக்கினால் 1104.775. என் கணக்குத்தாள் 1104.78 என்றது, பழுப்பேறிய பில்லில் 1104.77 என்று அச்சாகியிருந்தது. பழைய நிரல் மூன்றாம் தசம இடத்தை வெட்டிவிடுகிறது, கூட்டி முழுமையாக்குவதில்லை. ஒரு காசுதான். ஆனால் ஆண்டு முழுவதும் சேர்ந்த பேரேட்டில் அந்த ஒரு காசுகள் கூடி, எந்தப் பக்கமும் பொருந்தாமல் போயின. நிரலின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் இத்தகைய வழக்கங்கள் தரவுக் கோப்பில் இருப்பதில்லை. பின்னோக்கிய ஒத்திசைவு என்று சொல்லும்போது, பழைய நிரல் திறந்தால் போதும் என்று பொருள் கொள்ளக்கூடாது. அது முன்பு செய்ததையே, தன் விசித்திரங்களோடு, இப்போதும் செய்யவேண்டும்.

டாஸ் நிரலுக்கு: டாஸ்பாக்ஸ்-எக்ஸா, ஃப்ரீடாஸா

இரண்டு வழிகள் உண்டு. டாஸ்பாக்ஸ் என்பது ஒரு பழைய கணினியையே மென்பொருளால் நடித்துக்காட்டும் நிரல். அதன் மூல வடிவம் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அலுவலக நிரல்களையும் அச்சிடுவதையும் கவனத்தில் கொண்டது. புதியவர்கள் இதிலேயே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. நிறுவியபின், உங்கள் பழைய கோப்புறையின் பிரதியை மவுண்ட் கட்டளையால் சி டிரைவாக இணைத்து, அதற்குள் சென்று நிரலின் பெயரைத் தட்டினால் போதும். பத்து நிமிடத்தில் உங்கள் நிரல் எழும்புமா என்பது தெரிந்துவிடும்.

நிரல் நாள்தோறும் ஓடவேண்டுமானால், ஃப்ரீடாஸை, கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் நிறுவுவதையே நான் விரும்புகிறேன். உண்மையான கணினியிலேயே நிறுவலாமே என்று சிலர் கேட்பார்கள். ஃப்ரீடாஸ் பழைய பயாஸை எதிர்பார்ப்பது. அதற்குப் பதிலாக யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள இன்றைய பல கணினிகளில் அது நேரடியாகத் தொடங்காது. மெய்நிகர் கணினி அந்தச் சிக்கலைத் தவிர்ப்பதோடு, முழுக் கடைக்கணக்கையும் ஒரே வட்டுக் கோப்பாக வைத்திருக்க உதவுகிறது. மடிக்கணினி பழுதானால் அந்தக் கோப்பை வேறொரு கணினிக்கு நகலெடுத்து அடுத்த நிமிடம் பில் போடலாம்.

மெய்நிகர் கணினியை உருவாக்கித் தரும் நிரல்களான விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது கியூஇஎம்யூ, உங்களுக்குப் பழகியது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். 32 எம்பி நினைவகமும் 500 எம்பி வட்டும் தாராளம். ஃப்ரீடாஸின் சிடி பிம்பத்தை இணைத்துத் தொடங்கி, நிறுவு என்ற தேர்வைத் தெரிவு செய்யுங்கள். வட்டு வெறுமையாக இருப்பதால் முதலில் பிரிவினை செய்யக் கேட்கும்; செய்தவுடன் மறுதொடக்கம் கேட்கும். மறுபடி சிடியிலிருந்து தொடங்கி நிறுவலை மீண்டும் ஆரம்பித்தால், இம்முறை ஃபார்மேட் செய்து கோப்புகளை நகலெடுக்கும். இரண்டாவது முறை அதே திரை வருவதைப் பார்த்து ஏதோ தவறாகிவிட்டது என்று பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அது முறையான நடைதான். எந்தத் தொகுப்பு வேண்டும் என்று கேட்கும்போது எளிய டாஸ் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவி முடிந்தபின் சிடி பிம்பத்தை நீக்கிவிடவேண்டும்.

பழைய கோப்புறையை உள்ளே கொண்டுபோக எளிய வழி, அதைக் கொண்டே ஒரு சிடி பிம்பம் தயாரித்து மெய்நிகர் கணினியில் இணைப்பது. கோப்புகளின் பெயர்கள் எட்டு எழுத்து, பின்னொட்டு மூன்று எழுத்து என்ற டாஸ் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிடியிலிருந்து நகலெடுத்த கோப்புகள் சில நேரங்களில் படிக்க மட்டும் என்ற அடையாளத்தோடு வந்து சேரும். அப்போது நிரல் திறக்கும், பழைய கணக்கைக் காட்டும், புது பில் போட்டவுடன் பிழை கூறி நின்றுவிடும். அட்ரிப் கட்டளையால் அந்த அடையாளத்தை நீக்கினால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று.

அடுத்து அமைப்புக் கோப்பு. பழைய கணினியின் கான்ஃபிக் கோப்பில் ஃபைல்ஸ் என்ற வரியில் என்ன எண் இருந்தது என்று உங்கள் பிம்பத்தில் பார்த்து, ஃப்ரீடாஸில் எஃப்டிகான்ஃபிக் என்ற பெயரோடு இருக்கும் கோப்பில் அதற்குக் குறையாத எண்ணை எழுதுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்பதன் வரம்பு அது. கணக்கு நிரல்கள் அட்டவணைக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று என ஏராளமாகத் திறக்கும். கிளிப்பர் நிரலாக இருந்தால் அதற்கென்று தனிச் சூழல் மாறியும் பழைய ஆட்டோஎக்ஸெக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்த வரியை எழுத்து மாறாமல் எஃப்டிஆட்டோ என்ற கோப்பில் சேர்த்துவிடுங்கள். நிரல் நினைவகம் போதவில்லை என்று சொன்னால், ஃப்ரீடாஸ் தொடங்கும்போது காட்டும் பட்டியலில் வேறு நினைவக மேலாளர் உள்ள தேர்வுகளை ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள்.

இன்னொரு தொல்லை வேகத்தால் வருவது. டர்போ பாஸ்கலில் எழுதிய சில நிரல்கள் திறந்தவுடன் ரன்டைம் பிழை 200 என்று கூறி மூடிக்கொள்ளும். நிரல் தொடங்கும்போது, ஒரு சிறு நேரத்தில் செயலி எத்தனை சுற்று எண்ணுகிறது என்று அளந்து, அந்த எண்ணை 55 ஆல் வகுக்கும் ஒரு பகுதி அதில் உண்டு. வேகமான செயலியில் அந்த விடை 16 பிட் இடத்தில் அடங்காமல் வழிந்துவிடுகிறது. வகுத்தல் பிழை என்று தோன்றினாலும் உண்மைக் காரணம் கணினி அளவுக்கு மீறி வேகமாக இருப்பதே. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் சுழற்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் நிரல் ஓடும். அத்தகைய நிரலுக்கு மட்டும் ஃப்ரீடாஸைவிட டாஸ்பாக்ஸ்-எக்ஸே ஏற்றது.

பழைய பிரிண்டர்களை இணைக்கும் பேரலல் போர்ட்டில் சொருகும் பூட்டுக்கருவியோடு விற்கப்பட்ட நிரல்களும் உண்டு. அந்தச் சிறு பெட்டியை இழந்திருந்தால் நிரல் ஓடாது. இருந்தால் பத்திரமாக வைத்து, பேரலல் போர்ட் உள்ள ஒரு மேசைக் கணினியைத் தேடவேண்டும்.

அச்சிடுவது

பெரும்பாலோர் திணறும் இடம் இது. டாஸ் நிரல்கள் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட் வாசலுக்கு எழுத்துகளையும், தடித்த எழுத்து, சுருங்கிய எழுத்து என்பவற்றுக்கான குறிகளையும் நேராக அனுப்பும்; டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அவற்றை அப்படியே புரிந்துகொள்ளும். புதிய மடிக்கணினியில் அந்தப் போர்ட் இல்லை. யூஎஸ்பியைப் பேரலலாக மாற்றும் கேபிள் வாங்கினால் சிக்கல் தீரும் என்று கடையில் சொல்வார்கள். அந்தக் கேபிள் பிரிண்டரை ஒரு யூஎஸ்பி பிரிண்டராகத்தான் காட்டுமே தவிர, டாஸ் நிரல் தேடுகிற எல்பிடி1 ஆகக் காட்டாது.

நான் செய்தது இது: கியூஇஎம்யூவில் பேரலல் போர்ட்டின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதும்படி அமைத்தேன். நிரல் அச்சிடுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவது எல்லாம் அந்தக் கோப்பில் சேரும். பிறகு லினக்ஸின் அச்சு அமைப்பிடம், எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே அனுப்பு என்ற தேர்வோடு அந்தக் கோப்பைக் கொடுத்தால், கேபிள் வழியே போய் அதே பழைய பிரிண்டரில், அதே பழைய சுருங்கிய எழுத்தில் பில் வரும். டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் அச்சைக் கோப்பாகப் பிடிக்கும் வசதி உண்டு. சித்தப்பாவுக்கு இரண்டு படிகள் தொல்லையாக இருக்கும் என்பதால், அனுப்பும் கட்டளையை ஒரு சிறு நிரலாக்கி மேசைத்திரையில் வைத்துக் கொடுத்தேன்.

விண்டோஸ் நிரல்கள்: அச்சகங்களுக்கு

நாகர்கோவில் அச்சகங்களின் சிக்கல் வேறு வகையானது. கலியாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா மலர் என ஆண்டுக்கணக்கில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரலில் வடிவமைத்த கோப்புகள் அங்கே குவிந்திருக்கும். 2001 இல் வந்த 7.0 பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றுவிட்டது.

இதற்கு முதலில் முயலவேண்டியது லினக்ஸில் ஓடும் வைன். 1993 இல் தொடங்கிய இந்தத் திட்டம் முழு இயங்குதளம் அன்று. விண்டோஸ் நிரலின் வேண்டுகோள்களுக்கு லினக்ஸின் மேலிருந்தே விடை சொல்லும் ஓர் அடுக்கு. 16 பிட் விண்டோஸ் நிரல்களையும் அது ஏற்கிறது. ஒவ்வொரு பழைய நிரலுக்கும் தனித்தனி வைன் கோப்புறை உருவாக்குங்கள்; ஒன்றுக்காகச் செய்த மாற்றம் மற்றொன்றைக் கெடுக்காது. எந்த நிரல் எந்தப் பதிப்பில் எவ்வளவு ஓடும் என்பதை உங்கள் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் அறியவேண்டும்.

அச்சகத்துக்காரர்களுக்கு என் முதல் அறிவுரை எழுத்துருக்களைப் பற்றியது. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. 1999 இல் தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்துக்குறித் தரங்களை அறிவித்த பிறகும், பல நிறுவனங்கள் தத்தம் முறையையே தொடர்ந்தன. எனவே கோப்பு பிழைத்து, எழுத்துரு தொலைந்துவிட்டால், திரையில் பொருளற்ற ஆங்கிலக் குறிகள்தான் மிஞ்சும். பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதையும் பிரதி எடுத்து வைன் கோப்புறைக்குள் இடுங்கள். பின்னர், இன்றைய பொதுத் தரமான யூனிகோடுக்கு மாற்றும்போதும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய முறையில் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னால் தனி எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால் வரும். மாற்றும் நிரல் தடுமாறினால் கொ, கோ, கௌ வரும் சொற்களில்தான் முதலில் தெரியும். கொல்லங்கோடு, கோட்டாறு, தோவாளை என்ற ஊர்ப்பெயர்களைத் தேடிப் பார்த்தால் மாற்றம் சரியா என்பது உடனே விளங்கும்.

ரியாக்ட்ஓஎஸ் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பதுண்டு. விண்டோஸ் என்டி குடும்பத்தையே, கெர்னலும் டிரைவர்களும் உட்பட, புதிதாக எழுதும் முயற்சி அது. 1996 இல் வேறு பெயரில் தொடங்கியது. வைனின் நிரல்பகுதிகளையும் பயன்படுத்துகிறது. மூல விண்டோஸின் நிரலை நகலெடுத்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தபோது, 2006 இல் தன் நிரல் முழுவதையும் அது தணிக்கைக்கு உட்படுத்தியது. இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் 2025 மார்ச்சில் வந்த 0.4.15 பதிப்பும் முழுமையடையாத ஆல்ஃபா நிலையில்தான் இருக்கிறது. மெய்நிகர் கணினியில் முயன்று பாருங்கள். தொழில் நடக்கும் கணினியில் நிறுவாதீர்கள்.

ஆர்வமுள்ளவர்கள் ஹைக்குவையும் ஒருமுறை பார்க்கவேண்டும். 2001 இல் பீ நிறுவனத்தின் சொத்துகளைப் பாம் நிறுவனம் வாங்கப்போவதாக அறிவிக்கப்பட்டபின், பீயின் இயங்குதளமான பீஓஎஸ்ஸை மீண்டும் எழுதத் தொடங்கிய திட்டம் அது. ஒத்திசைவுக்கு என்ன விலை கொடுக்கவேண்டும் என்பதை அங்கே காணலாம்: பழைய பீஓஎஸ் நிரல்கள் மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி 2 என்ற பழங்கால கம்பைலரால் உருவானவை என்பதால், 32 பிட் ஹைக்கு இன்றும் அந்தக் கம்பைலரையும் புதியதையும் சேர்த்தே சுமக்கிறது. 64 பிட் பதிப்பில் அந்தச் சுமை இல்லை. பழைய நிரல்களும் அங்கே ஓடா. அமிகா என்ற பழைய கணினியின் இயங்குதளத்தை மீண்டும் எழுதிய ஏராஸிலும் இதே பிரிவு உண்டு. பழைய 68000 வகைச் செயலியில் பழைய நிரல் அப்படியே ஓடும். மற்றச் செயலிகளில் மூலநிரல் இருந்தால் மீண்டும் கம்பைல் செய்து ஓட்டலாம். மூலநிரல் கையில் இல்லாத எங்கள் கடைக்கு முதல் வகை ஒத்திசைவு மட்டுமே உதவும். கிளிப்பர் மூலநிரலைப் பத்திரமாக வைத்திருக்கும் நற்பேறு பெற்றவர்கள், ஹார்பர் என்ற திறமூலக் கம்பைலரைக் கொண்டு அதை இன்றைய கணினிகளுக்கே உரிய நிரலாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒப்பிட்டுப் பார்ப்பது

நிரல் திறந்தது என்பதற்காகக் கடையில் வைத்துவிடக்கூடாது. அச்சிட்ட பழைய பேரேட்டிலிருந்து ஒரு முழு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, அதே மாதத்தின் அறிக்கையைப் புதிய அமைப்பில் எடுத்து, வரிவரியாக ஒப்பிடுங்கள். நாங்கள் மூன்று மாதங்களைச் சோதித்தோம். அவற்றில் ஒன்று வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த 2000 ஜனவரி. இரண்டு இலக்க ஆண்டைச் சேமிக்கும் நிரல்கள் தடுமாறும் இடம் அது. சித்தப்பா தாளைப் படிக்க, நான் திரையைப் படித்தேன். 1104.77 என்ற அந்தப் பில்லும் காசு மாறாமல் வந்தது.

எந்த வேலைக்கு இந்த நிரல் என்பதிலும் தெளிவு வேண்டும். 2017 ஜூலை 1 இல் வந்த ஜிஎஸ்டியைப் பற்றி 1996 இல் எழுதிய நிரலுக்கு எதுவும் தெரியாது. சித்தப்பாவின் வரிக் கணக்கு தனி மென்பொருளில், கணக்காளர் வழியாக நடக்கிறது. விவசாயிகளின் முன்பணம், ஒட்டுப்பால் எடை, பழைய பாக்கி ஆகியவை மட்டும் பழைய நிரலில். உரிமம் பற்றியும் ஒரு சொல்: ஃப்ரீடாஸும் வைனும் எவரும் பயன்படுத்தலாம், பகிரலாம், ஆனால் அவற்றின் மேல் ஓடும் உங்கள் பழைய நிரலுக்கு அதன் பழைய உரிமமே தொடர்கிறது. நீங்கள் விலை கொடுத்து வாங்கியதை நீங்கள் ஓட்டுங்கள். பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பு கொடுக்கவேண்டிய தேவையும் இல்லை. வலை அட்டையை நீக்கியே வைத்துவிடுங்கள்.

கடைசியாக, மடிக்கணினியின் மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். மெய்நிகர் கணினியைத் தொடங்கும் முறை, நிரலை முடித்தபின் முறையாக அணைக்கும் முறை, வட்டுக் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது, அதை எந்தப் பென் டிரைவில் எந்தக் கிழமை நகலெடுக்கவேண்டும் என்ற நான்கும் அதில் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். எங்கள் கடையில் சனிக்கிழமை மாலை கடையடைக்கும் முன் நகலெடுப்பது வழக்கம். அந்தப் பென் டிரைவ் சித்தியின் அரிசிப் பானைக்குப் பக்கத்தில், ஈரம் படாத தகர டப்பாவில் இருக்கிறது. பழைய கணினியை இன்னும் எடைக்குப் போடவில்லை. புதிய அமைப்பில் ஓர் ஆண்டுக் கணக்கு முழுதாக முடியும்வரை அது கடையின் மாடியில், துணி போர்த்தி இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.